‘சோதிக்க இயலவில்லை’ என்ற அறிக்கையும் இடம் மாறிய பிஸ்கட் டப்பாவும்

கேள்வி:

மேடம், நாங்கள் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பட்டுப்புழு வளர்க்கிறோம். பையனுக்கு நாலு வயது பத்து மாதம். டவுன் சிண்ட்ரோம். இரண்டரை வயதில்தான் நடந்தான். இருபது வார்த்தை போலப் பேசுவான். பாதி தமிழ், பாதி அவன் அவ்வாவிடம், அதாவது பாட்டியிடம், கற்ற தெலுங்கு. பள்ளியில் சேர்க்கும் முன் பார்த்துவிடலாம் என்று மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய் ஒரு தனியார் மையத்தில் காட்டினோம். நாற்பது நிமிடம் பார்த்தார்கள். ‘எக்ஸிக்யூட்டிவ் ஃபங்ஷன்: கடுமையான குறைபாடு. அட்டை பிரித்தல்: செய்யவில்லை. பகல் இரவு: பதில் இல்லை. சோதிக்க இயலவில்லை’ என்று எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் அவன் புழு மனைக்குள் போகும் முன் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றி, மருந்து நனைத்த சாக்கை மிதித்துவிட்டுத்தான் போவான். எறும்பு வருகிறதென்று பிஸ்கட் டப்பாவை அலமாரியிலிருந்து எடுத்து அரிசி டிரம் மேலே வைத்தேன். இரண்டு நாள் பழைய இடத்தில் தேடினான். மூன்றாம் நாள் அலமாரியிடம் போனவன் நின்று, திரும்பி, டிரம்முக்குப் போய்விட்டான். ஆனால் ரோட்டுக்கு ஓடுவதை நிறுத்த முடியவில்லை. போனைப் பிடுங்கினால் அரை மணி நேரம் அழுகிறான். இவனுக்குக் கட்டுப்பாடே வராதா? ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாமா, இன்னும் ஒரு வருடம் அங்கன்வாடியிலேயே விடலாமா? இவ்வளவு சின்னப் பிள்ளையிடம் இதையெல்லாம் சோதிக்க முடியுமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கையிலுள்ள அறிக்கையில் இரண்டு வரிகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ‘கடுமையான குறைபாடு’ என்று ஒரு வரி. ‘சோதிக்க இயலவில்லை’ என்று இன்னொரு வரி. தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் தராசில் ஏறாத கூட்டுக்கு யாராவது கிலோ எழுதுவார்களா? சோதிக்க முடியாமல் போன ஒன்று எவ்வளவு குறைவு என்றும் யாராலும் எழுத முடியாது. இயலவில்லை என்ற வரியை நான் ஒப்புக்கொள்கிறேன், அன்றைக்கு நடந்தது அதுதான். குறைபாடு என்ற வரியை என் மேசையில் வைத்தால் அடித்துவிடுவேன். இயலாமல் போனது அந்தச் சோதனைக்கு. உங்கள் பையனைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

சரி, அறிக்கையில் எழுதியிருக்கும் ‘எக்ஸிக்யூட்டிவ் ஃபங்ஷன்’ என்ற திறன் என்ன என்று பார்ப்போம். தமிழில் நிர்வாகத் திறன், செயலாட்சித் திறன் என்று ஆளுக்கொரு பேர் வைக்கிறார்கள். ‘அவ்வாகிட்ட போய்ச் சொம்பு வாங்கிட்டு வா’ என்று பையனை அனுப்புகிறீர்கள். போய்ச் சேரும் வரை சொம்பு என்பதை அவன் மனதில் பிடித்துவைத்திருக்க வேண்டும். வழியில் கோழிக்குஞ்சு ஓடுகிறது, அதன் பின்னால் போகாமல் காலை நிறுத்த வேண்டும். அவ்வா ‘சொம்பு கழுவலை, டம்ளர் எடுத்துட்டுப் போ’ என்றால் சொம்பை விட்டுவிட்டு டம்ளருக்கு மனதை மாற்ற வேண்டும். பிடித்துவைப்பது, நிறுத்திக்கொள்வது, மாற்றிக்கொள்வது என்று இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அந்தப் பெரிய வார்த்தை. நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதிக்கு இதில் பெரும்பங்கு உண்டு. அது முதிர்ந்து முடிய இருபது வயதும் தாண்டிவிடும். நாலரை வயதில் எந்தப் பிள்ளைக்கும் இது நிறைந்திருக்காது.

இனி அன்றைக்கு வைத்த சோதனைகளைப் பார்ப்போம். அட்டை பிரித்தல் என்பது 1990களில் பிலிப் ஸெலாசோவும் அவருடன் இருந்தவர்களும் கொண்டுவந்தது. முயல், படகு என்று இரண்டு உருவம், இரண்டு நிறம். முதலில் நிறம் பார்த்துப் பிரிக்கச் சொல்வார்கள். சில அட்டைகள் போனதும், ‘இனி நிறம் வேண்டாம், உருவத்தைப் பார்த்துப் போடு’ என்பார்கள். எந்தத் தாமதமும் இல்லாத மூன்று வயதுப் பிள்ளைகளிலேயே பெரும்பாலோர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். புது விதி என்ன என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள், கை மட்டும் பழைய விதிப்படியே அட்டையைப் போடும். ஐந்து வயதை ஒட்டித்தான் பெரும்பாலான பிள்ளைகள் தாண்டுகிறார்கள்.

உங்கள் பையன் பேச்சில் ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளையின் அளவில் இருக்கிறான் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. புரிந்துகொள்வது அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளிடம் பெரும்பாலும் அப்படித்தான் பார்க்கிறோம். ஒரு பேச்சுக்கு அவனுடைய மொத்த வளர்ச்சி இரண்டரை வயது அளவில் இருக்கிறது என்று வையுங்கள். அப்படியானால் மூன்று வயதுப் பிள்ளைகளே தடுமாறுகிற சோதனையில் அவன் தடுமாறியது எதிர்பார்த்ததுதான். வளர்ச்சித் தாமதம் என்று ஒருமுறை எழுதியாயிற்று. அதே தாமதத்தை இன்னொரு பேரில் மறுபடி எழுதினால் புதிதாக ஒன்றும் தெரிந்துவிடாது. அவனுடைய மொத்த வளர்ச்சியோடு ஒப்பிட்டால் அந்த மூன்றில் எது இன்னும் பின்தங்குகிறது, எது ஊன்றி நிற்கிறது என்பதைத்தான் நாம் அறிய வேண்டும். பிறந்த தேதியை மட்டும் வைத்துப் பார்க்கிற அறிக்கையில் இது கிடைக்காது.

பகல் இரவு சோதனை இன்னும் மோசம். சூரியன் படத்தைக் காட்டினால் ராத்திரி என்றும், நிலா படத்தைக் காட்டினால் பகல் என்றும் வாயால் மாற்றிச் சொல்ல வேண்டும். இருபது வார்த்தை பேசுகிற பிள்ளையிடம் இதை வைத்திருக்கவே கூடாது. அவன் பதில் சொல்லாதது கட்டுப்பாடு இல்லாததாலா, அந்த வார்த்தை வாயில் வராததாலா, என்ன கேட்கிறார்கள் என்றே புரியாததாலா? சோதனை வைத்தவருக்கும் தெரிந்திருக்காது.

இந்தத் திறனைத் தனியாகப் பிரித்து அளக்கிற சோதனை எதுவும் கிடையாது. எதை வைத்தாலும் அதற்குள் பேச்சு இருக்கும், காது, கண், விரல் பலம், உட்காரும் பொறுமை எல்லாம் கலந்திருக்கும். வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளைக்கு இவை ஒவ்வொன்றிலும் தடை இருக்கலாம். எந்தத் தடையில் பிள்ளை நின்றது என்று பிரித்துப் பார்ப்பதுதான் எங்கள் வேலையில் பாதிக்கு மேல்.

இதை நான் ஒரு பிள்ளையிடம்தான் கற்றேன். வேலைக்கு வந்த புதிதில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு முகாம். நாலு வயதுப் பெண் குழந்தை. கட்டையைப் பெட்டிக்குள் போடு என்று நான் தமிழில் மூன்று முறை சொன்னேன், அது அசையவே இல்லை. ‘எளிய கட்டளைக்கும் இணங்கவில்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். அந்தக் குழந்தையின் அஜ்ஜி, அதாவது பாட்டி, வெளியே போகிற போக்கில் அதே கட்டளையைக் கன்னடத்தில் சொன்னார். குழந்தை குனிந்து கட்டையை எடுத்துப் பெட்டிக்குள் போட்டது. நான் எழுதியது எவ்வளவு பெரிய தவறு என்று அந்த நிமிடம் விளங்கியது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனது கனக்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே திண்ணையில் பேசுகிற நம் மாவட்டங்களில், வீட்டில் பிள்ளையோடு யார் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று கேட்காமல் ஒரு சோதனையும் தொடங்கக் கூடாது.

இந்தத் தடைகளில் மருத்துவர் பார்க்க வேண்டியவையும் உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்வது மிகச் சாதாரணம். வலி இருக்காது, சீழ் வராது, கேட்பது மட்டும் மங்கும். அப்படிப்பட்ட பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்காதவனாகத்தான் வெளியே தெரிவான். காதைப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். கண் பார்வையும் அப்படியே. தைராய்டு ரத்தப் பரிசோதனை வருடம் ஒருமுறை கட்டாயம். அப்புறம் தூக்கம். ராத்திரி குறட்டை விடுகிறானா, மூச்சு நின்று நின்று வருகிறதா, தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு தூங்குகிறானா என்று கவனியுங்கள். மூச்சுத் தடையால் தூக்கம் கெட்ட பிள்ளை பகலில் துறுதுறுவென்று அலையும், ஒன்றிலும் நிற்காது, சட்டென்று அழும். பார்ப்பவர்கள் அதையும் கட்டுப்பாடு இல்லை என்றே எழுதிவிடுவார்கள். இதற்கெல்லாம் பெரிய ஊருக்குப் போக வேண்டியதில்லை. மாவட்ட அரசு மருத்துவமனையின் இடையீட்டு சேவை மையத்தில், டி.இ.ஐ.சி. என்பார்கள், அங்கே காட்டலாம். 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் வந்த மையம் அது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை இலவசமாகப் பார்க்கிறார்கள்.

இனி நீங்கள் எழுதிய வீட்டு விஷயங்களுக்கு வருகிறேன். அறிக்கையைவிட எனக்கு அதிகம் சொன்னவை அவைதான்.

செருப்பைக் கழற்றி, சாக்கை மிதித்து மனைக்குள் போவதை நீங்கள் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். பெருமைப்பட வேண்டியதுதான். பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள், அவனும் பிடித்துக்கொண்டான். ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், இந்தத் திறனுக்கு அது சாட்சி ஆகாது. தினம் ஒரே மாதிரி செய்து பழகியதைச் செய்ய மனதுக்கு அதிகம் வேலை இல்லை, கால் தானே செய்துவிடும். பழக்கம் உடைகிற இடத்தில்தான் இந்தத் திறன் தேவைப்படுகிறது.

டப்பா விஷயம் அப்படிப்பட்டது. நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நான் இரண்டு முறை படித்தேன். ஒரு பொருளை முதல் இடத்தில் பலமுறை எடுக்கவிட்டு, அப்புறம் பிள்ளையின் கண் முன்னாலேயே இரண்டாம் இடத்தில் ஒளித்தால், ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைகள் பார்த்துக்கொண்டிருந்தும் பழைய இடத்துக்கே கை நீட்டும். இதை முதலில் கவனித்து எழுதியவர் ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே. உங்கள் வீட்டில் நடந்தது அதைவிடக் கடினம். பல மாதப் பழக்கம் அவனை அலமாரிக்கு இழுக்கிறது. மூன்றாம் நாளும் இழுத்தது, அவன் போயிருக்கிறான். ஆனால் நின்றுவிட்டான். நேற்றுப் பார்த்ததை நினைவில் எடுத்து, உடம்பைத் திருப்பி, டிரம்முக்குப் போனான். பிடித்துவைப்பது, நிறுத்துவது, மாற்றுவது என்று மூன்றும் அந்தச் சில நொடிகளுக்குள் இருக்கின்றன. அறிக்கை எழுதியவர் இதைக் கேட்டிருந்தால் அந்த முதல் வரியை எழுதியிருக்கமாட்டார்.

ரோட்டுக்கு ஓடுவதையும் போனுக்கு அழுவதையும் ஒரே மூட்டையில் கட்ட வேண்டாம். ஓடுவது நிறுத்திக்கொள்வதில் உள்ள சிரமம். ஆபத்து இருப்பதால் அவன் கற்றுக்கொள்ளும் வரை காத்திருக்க முடியாது. வாசலுக்குப் படல் போடுங்கள், தாழ்ப்பாளை அவன் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். போனுக்கு அழுவது வேறு. பிடித்ததைப் பாதியில் பிடுங்கினால் எந்த வீட்டிலும் பிள்ளை அழும். முடியப் போகிறது என்று முன்னாலேயே தெரியும்படி செய்யுங்கள். இன்னும் ஒரு பாட்டு என்று விரலைக் காட்டுங்கள், முடிந்ததும் போனைத் தூங்க வைக்க ஒரு துணிப்பை கொடுத்து அவன் கையாலேயே போடச் சொல்லுங்கள். அழுகை அரை மணியிலிருந்து பத்து நிமிடமாகக் குறைந்தால் அதையும் எழுதி வையுங்கள், எனக்கு அது முக்கியமான தகவல்.

சோதிக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். ஒரே நாளில், ஒரே அறையில் முடிகிற காரியம் அல்ல, அவ்வளவுதான்.

நான் செய்வதைச் சொல்கிறேன். முதல் நாள் விளையாட்டு மட்டும். சோதனை காலையில், பிள்ளை சாப்பிட்டு, தூங்கி எழுந்த பிறகு. பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஒரேயடியாகப் போகமாட்டேன். பேச்சே தேவைப்படாத வேலைகளாக எடுப்பேன். மூன்று கிண்ணம், ஒன்றின் கீழ் பிஸ்கட், ஐந்து விநாடி மறைத்துவிட்டுத் தேடவிடுவது. அது வந்தால் கிண்ணங்களை இடம் மாற்றிவிட்டுத் தேடவிடுவது. கண்ணாடி டம்ளருக்குள் தெரிகிற தின்பண்டத்தை மணி அடிக்கும் வரை எடுக்காமல் இருப்பது, முதலில் ஐந்து விநாடி, அப்புறம் பத்து, இருபது. கொஞ்சம் முன்னேறிய பிள்ளைக்கு ரஷ்ய நரம்பியல் உளவியலாளர் லூரியாவின் வழியில் வந்த தட்டும் விளையாட்டு. நான் ஒருமுறை தட்டினால் நீ இருமுறை தட்ட வேண்டும், நான் இருமுறை தட்டினால் நீ ஒருமுறை. இதைக் கையால் செய்யலாம், வாய் வேண்டாம். விரலுக்குப் பலம் இல்லாத பிள்ளை என்றால் கண்ணால் பார்ப்பதையே பதிலாக எடுத்துக்கொள்வேன்.

இதில் நான் மிகவும் நம்புவது ஒன்று உண்டு. பிள்ளையால் முடியவில்லை என்றதும் பூஜ்யம் போட்டுவிட்டு நகர்வதில்லை. வாயால் சொன்னேன், வரவில்லையா? அதையே சைகையோடு சொல்வேன். அதிலும் வரவில்லையா? படம் காட்டுவேன். அப்புறம் செய்து காட்டுவேன். கடைசியாகக் கையைப் பிடித்து ஒருமுறை செய்ய வைத்து, விட்டுப் பார்ப்பேன். எந்தப் படியில் அவனுக்கு வந்தது என்பதுதான் என் அறிக்கை. ‘வாயால் மட்டும் சொன்னால் ஒரு வேலை நினைவில் நிற்கிறது, படத்தோடு சொன்னால் இரண்டு’ என்று எழுதினால் அதை வைத்து மறுநாளே டீச்சர் ஏதாவது செய்யலாம். ‘கடுமையான குறைபாடு’ என்ற வரியை வைத்துக்கொண்டு யாரும் என்ன செய்ய முடியும்?

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளிடம் பொதுவாக ஒரு சாயல் உண்டு. காதால் கேட்டதை மனதில் வைப்பதைவிடக் கண்ணால் பார்த்ததை வைப்பது அவர்களுக்குச் சுலபம். வேலையைப் படிப்படியாக நடத்துவதும் நினைவில் வைப்பதும் கூடுதலாகப் பின்தங்கும், கோபதாபத்தை ஆற்றிக்கொள்வது அவ்வளவு பின்தங்காது. ஆட்டிசம் என்றால் சாயல் வேறு, அங்கே மாற்றிக்கொள்வதுதான் பெரும்பாலும் கடினம். ஆனால் சாயல் என்பது எங்கே முதலில் பார்க்கலாம் என்று சொல்வதற்குத்தான். உங்கள் பையன் எப்படி என்று அவனைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கேள்வித்தாளும் உண்டு. பிரீஃப்-பி என்று ஒன்று, இரண்டு வயது முதல் ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கானது. 63 கேள்விகள். வீட்டில் உள்ளவரும் டீச்சரும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். எனக்கு இது பிடிக்கும், ஏனென்றால் கொஞ்ச நேரம் மட்டும் பார்க்கிற எங்களைப் போன்றவர்களிடம் கேட்காமல் மாதக்கணக்கில் பார்த்த உங்களிடம் கேட்கிறது. ஆனால் அதன் அளவுகோல் அமெரிக்கப் பிள்ளைகளை வைத்துப் போட்டது. ஆகையால் வரும் எண்ணைவிட ஒவ்வொரு கேள்விக்கும் நீங்கள் சொல்லும் உதாரணம்தான் எனக்கு வேண்டும். அங்கன்வாடி டீச்சர் சொல்வதும் நீங்கள் சொல்வதும் மோதினால் பயப்படாதீர்கள். வீட்டில் அவனுக்கு அவ்வாவின் குரல் இருக்கிறது, அங்கே இருபது பிள்ளைகளின் சத்தம் இருக்கிறது. சோதனையும் கேள்வித்தாளும்கூடப் பல நேரம் ஒத்துப்போவதில்லை. இரண்டும் வேறு வேறு இடத்தைக் காட்டுகின்றன.

இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டு போடுங்கள். வீட்டைச் சோதனைக் கூடம் ஆக்க வேண்டாம், நாளுக்கு ஒரு வரி போதும். பழக்கம் உடைந்த இடங்களை மட்டும் எழுதுங்கள். தட்டு வைக்கிற இடம் மாறியபோது என்ன செய்தான்? மாம்பழம் அறுத்து முடிக்கும் வரை எவ்வளவு நேரம் கை நீட்டாமல் இருந்தான்? பூட்டியிருந்த கதவை என்ன செய்தான், உங்களைக் கூப்பிட்டானா, பின்வாசலுக்குப் போனானா, அங்கேயே உட்கார்ந்து அழுதானா? நீங்கள் உதவி செய்திருந்தால் அதையும் எழுதுங்கள். நாலைந்து சின்ன வீடியோ எடுங்கள், அவனுக்குத் தெரியாமல். கேமரா முன்னால் செய்து காட்டச் சொன்னால் அது வேறு மாதிரி ஆகிவிடும்.

பள்ளி விஷயத்தில் எனக்குக் குழப்பமே இல்லை. சேருங்கள். இந்தத் திறன் வந்த பிறகு பள்ளிக்கு அனுப்புவது என்று ஒரு முறை கிடையாது. வரிசையில் நிற்பதும் தன் முறைக்குக் காத்திருப்பதும் மற்ற பிள்ளைகளோடு இருந்துதான் வரும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, குறைபாட்டைக் காரணம் காட்டிப் பள்ளி அவனை மறுக்க முடியாது. உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார், சேர்க்கும் முன்பே போய்ப் பாருங்கள். வகுப்பு டீச்சரிடம் இரண்டு விஷயம் மட்டும் கேளுங்கள். அவனை முன்னால் உட்கார வைக்க வேண்டும், எதைச் சொன்னாலும் கையால் காட்டியோ படம் வைத்தோ ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். பழைய அறிக்கையைப் பள்ளியில் கொடுக்க வேண்டாம். அவனைப் பார்ப்பதற்கு முன்னாலேயே டீச்சர் அதைப் படித்துவிட்டால், அப்புறம் அவன் செய்கிற எதுவும் அந்த வரியாகத்தான் அவர் கண்ணுக்குத் தெரியும்.

காதுப் பரிசோதனை முடிந்த பிறகு அழைத்து வாருங்கள். புழு கூடு கட்டுகிற வாரமாக இருந்தால் அவசரப்பட வேண்டாம், கூட்டை விற்றுவிட்டு வாருங்கள். இரண்டு காலை வேண்டும், அடுத்தடுத்த நாளாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அவ்வாவும் கூட வர வேண்டும். நான் சொல்வதை அவர்தான் தெலுங்கில் அவனுக்குச் சொல்லப் போகிறார். கூடவே எதையும் சேர்த்துச் சொல்லக் கூடாது, கண்ணாலும் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று இப்போதே அவரிடம் சொல்லி வையுங்கள். அந்த பிஸ்கட் டப்பாவையும் எடுத்து வாருங்கள்.